வி-டைபோலா, கியூஎஃப்எச் ஆன்டெனாவா?

ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் ரேடியோ வாங்கி), சிக்னலைப் படமாக்கும் சாட்டம்ப் (SatDump) மென்பொருள். இவை கைக்கு வந்துவிட்டால், ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களை வீட்டிலேயே பிடிக்கலாம். அப்புறம் எல்லாம் ஆன்டெனா பொறுப்பு. அதற்கு இரண்டு வழிகள்: வி வடிவில் விரிந்த வி-டைபோல், கம்பிகளைச் சுருளாக முறுக்கிய கியூஎஃப்எச் (QFH).

வி-டைபோல் ஒரு மாலை வேலை. தலா 53 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் கம்பிகள், 120 பாகைக் கோணம், கோஆக்சியல் கேபிள். தரைக்குக் கிடையாக, வி-யின் வாய்ப்பக்கம் வடக்கையோ தெற்கையோ பார்க்க வைத்தால் 137 மெகாஹெர்ட்ஸுக்குத் தயார். செங்குத்து முனைவாக்கத்தில் (அலை மேலும் கீழுமாக அதிரும் வகையில்) வரும் தரைச் சிக்னல்களை இது நன்றாகவே ஒதுக்கும். நெரிசலான இடங்களில் இது பெரிய வரம். ஆனால் செயற்கைக்கோள் அனுப்புவது வலஞ்சுழி வட்ட முனைவாக்கம் (அலை வலப்புறமாகச் சுழன்றபடி வரும்) என்பதால் 3 டெசிபல், அதாவது சிக்னலில் பாதி, போய்விடும். தலைக்கு மேலே கடக்கும்போது அந்த இழப்பு தெரியாது. அடிவானத்தை நெருங்கும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும்.

கியூஎஃப்எச் அந்தக் குறையைத் தீர்க்கிறது. சற்றே பெரியதும் சிறியதுமான இரண்டு வளையங்களைத் திருகுபோல் முறுக்கிச் செய்வதால், வட்ட முனைவாக்கம் அதற்கு இயல்பு. தாழ்வான கோணத்திலும் சிக்னல் பிடிக்கும். ஆனால் அளவில் கவனம் வேண்டும். திசை மாற்றி முறுக்கினால் இடஞ்சுழியாகி, வேண்டிய சிக்னலையே ஒதுக்கிவிடும்.

முதல் படம் பார்க்கும் ஆசை என்றால் வி-டைபோல்தான் என் தேர்வு. மொட்டைமாடியில் நிரந்தரமாக, தானாகவே இயங்கும் நிலையம் என்றால் கியூஎஃப்எச் உழைப்புக்குத் தகும். எதுவானாலும் ராஸ்பெரி பை கணினியையும் அதன் சார்ஜரையும் ஆன்டெனாவை விட்டுத் தள்ளி வையுங்கள். அவற்றின் மின் இரைச்சல் நல்ல ஆன்டெனாவையும் கெடுத்துவிடும்.