பொண்ணோட பயத்துக்கு சிபிடி தெரபி: 14 வாரம் போன அனுபவம்

எங்க பொண்ணுக்கு 11 வயசு. வீட்ல வாய் ஓயாது, ஆனா கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "பிரசன்ட் மிஸ்"னு சொல்ல குரல் வராது. திங்கக்கிழமை ஆனா வயித்துவலி, வாந்தி, ஸ்கேன் எடுத்தா எல்லாம் நார்மல். மாமியார் திருஷ்டி சுத்திப் போட்டாங்க, நான் ஸ்கூல மாத்தலாமான்னு புலம்பிட்டு இருந்தேன், கடைசில குழந்தைங்க டாக்டர்தான் இது ஆங்சைட்டி (அளவுக்கு மீறின பயம், பதட்டம்) மாதிரி இருக்கு, சிபிடி (பயத்த உண்டாக்கற நினைப்பையும் பழக்கத்தையும் பேசியும் செஞ்சு பாத்தும் மாத்தற சிகிச்சை) பண்ற சைக்காலஜிஸ்ட்கிட்ட காட்டுங்கன்னாரு.

மொதல்ல போன இடத்துல (பேர் வேணாம்) ஆறு வாரம் மூச்சுப்பயிற்சி, கலரிங், "தைரியமா இருக்கணும் பாப்பா"ன்னு அட்வைஸ், அவ்ளோதான். அங்க போறது அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு, ஆனா ஸ்கூல்ல எதுவும் மாறல.

அப்புறம் போனது சென்னைல ஒரு சின்ன கிளினிக். மொத நாளே மேடம் அவளைப் பாத்து "உன் பேர் என்னம்மா"ன்னு கேட்டாங்க, அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். மேடம் கோவப்படல, "அடுத்த தடவ மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்கம்மா"ன்னாங்க. அப்பதான் உறைச்சுது, சொந்தக்காரங்க அவகிட்ட "சாப்டியா கண்ணு"ன்னு கேட்டாகூட இத்தன வருஷமா பதில் சொன்னது நான்தான்.

நோட்ல ஒரு ஏணி வரைஞ்சாங்க. கீழ்ப்படி தண்ணி கேன் அண்ணாவுக்கு போன் போடறது, பயம் 10க்கு 3. உச்சிப்படி கிளாஸ்ல கை தூக்கி டவுட் கேக்கறது, 10க்கு 10. ஒவ்வொரு தடவையும் போறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு நினைக்கிறாளோ அத எழுதணும், வந்தப்புறம் என்ன நடந்துச்சுன்னு எழுதணும். அஞ்சாவது வாரம் மேடமே எங்ககூட தெருமுனைக் கடைக்கு வந்தாங்க. "எல்லாரும் திரும்பிப் பாத்து சிரிப்பாங்க, கடைக்காரர் கத்துவார்"னு எழுதியிருந்தா. நாலு பேர் நின்னுட்டு இருந்தாங்க, அவ கேட்டது எனக்கே கேக்கல, கடைக்காரர் "என்ன பாப்பா?"ன்னார், நான் பல்லக் கடிச்சுட்டு எண்ணிட்டு இருக்கேன், ஏழு வந்தப்ப "அண்ணா, ஒரு ரோஸ்மில்க்"னு சத்தம் வந்துச்சு. பக்கத்துல நின்னவர் முட்டை எண்ணிட்டு இருந்தார், தலையக்கூட தூக்கல. நோட்ல "யாரும் பாக்கல. 8 இருந்துச்சு, இப்ப 4"ன்னு எழுதினா. அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

இப்படி பயப்படற விஷயத்த படிப்படியா செஞ்சு பழகறதுக்குப் பேர்தான் எக்ஸ்போஷர். ஒரு தடவ செஞ்சா போதாது, அதே கடை, அதே ரோஸ்மில்க், வாரத்துல நாலஞ்சு தடவ. தப்பிச்சு ஓடினா அப்போதைக்கு நிம்மதி, ஆனா அடுத்த தடவ பயம் இன்னும் பெருசா வரும்னு மேடம் புரிய வச்சாங்க.

பேசியே சரியாகுமான்னு வீட்டுக்காரருக்கு சந்தேகம். 2008ல அமெரிக்கால 7லேந்து 17 வயசு வரைக்கும் 488 பிள்ளைங்கள வச்சு பண்ணின ஆய்வு இருக்கு, 12 வாரத்துல சிபிடி மட்டும் எடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் நல்லா தேறினாங்க, செர்ட்ரலின்ங்கற பதட்டத்துக்கான மாத்திரைல 55, ரெண்டும் சேத்து 81, மருந்தில்லாத டம்மி மாத்திரைல 24. அதாவது எல்லாருக்கும் இது மட்டும் போதும்னு இல்ல, சில பிள்ளைங்களுக்கு மாத்திரையும் வேணும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

குறைன்னா, 45 நிமிஷத்துக்கு 1,200 ரூபா, சனிக்கிழமை ஸ்லாட் கிடைக்காது, கிடைச்சாலும் ஒரு மணி நேரம் வெயிட்டிங். குடுத்த ஒர்க்ஷீட் எல்லாம் இங்கிலீஷ், நாங்கதான் தமிழ்ல எழுதிக்கிட்டோம். பரீட்சை நேரத்துல மூணு வாரம் விட்டோம், வயித்துவலி திரும்ப வந்துச்சு, ரெண்டு படி இறங்கி மறுபடி ஏறினோம்.

இப்ப அட்டெண்டன்ஸ் சொல்றா. டவுட் ஒரே ஒரு தடவ கேட்டிருக்கா, கணக்கு மிஸ்கிட்ட. பேச்சுப்போட்டின்னா இன்னும் அழுகைதான். மாசம் ஒரு தடவ ஃபாலோ அப் போறோம்.

நீங்க இடம் தேடறீங்கன்னா, போன்லயே "எக்ஸ்போஷர் பண்ணுவீங்களா, குழந்தைய வெளில கூட்டிட்டுப் போவீங்களா, பெத்தவங்களுக்கும் சொல்லித் தருவீங்களா"ன்னு கேட்டுடுங்க. காசு கஷ்டம்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 இருக்கு, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.