பெடல் கழட்டணும்னா பாளை அண்ணாச்சி கடைதான், மதியம் மட்டும் போயிராதீங்க

தங்கச்சி பிளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூல்ல குடுத்த சைக்கிள், பத்து வருசமா தொழுவுல சாஞ்சு கெடந்துச்சு, காலைல ஆத்துக்குக் குளிக்கப் போக ஆகுமேன்னு வெளிய எடுத்தேன். டயர் ட்யூப்லாம் மாத்தியாச்சு. இடது பெடல் மட்டும் கட்டை உடைஞ்சு வெறும் கம்பியா நிக்கி, செருப்பு வழுக்குது. புது பெடல் ஒரு ஜோடி வாங்கிட்டேன், பழசு கழண்டாத்தானே மாட்டுறதுக்கு!

மொதல்ல ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய கடை, பேரு வேண்டாம். அங்க உள்ள பையன் ரெண்டு தம் கட்டிப் பாத்துட்டு, கிராங்கோட, அதான் பெடல் மாட்டிருக்க இரும்புக் கையோட, மாத்தணும் எழுநூறு ஆகும்னுட்டான். சைக்கிளே அவ்வளவு போகாதுய்யா. வீட்டுல நானும் ரெண்டு நாளு தேங்காண்ணெய் ஊத்தி ஸ்பேனர் மேல ஏறி நின்னு பாத்தேன், விரல் முட்டி பேந்ததுதான் மிச்சம்.

அப்புறந்தான் பாளை மார்க்கெட் பக்கத்துத் தெருவுல இந்தக் கடை. போர்டு கிடையாது, வேப்பமரத்துல பழைய டயர் தொங்கும், அதான் அடையாளம். அண்ணாச்சி கேட்ட மொத கேள்வியே "எந்தப் பக்கமா திருப்புனிய?" காட்டுனேன். சிரிச்சிட்டாவ. "ரெண்டு நாளா நல்லா இறுக்கிருக்கிய."

இடது பெடலுக்கு மரை தலைகீழாம், கடிகாரம் சுத்துற பக்கம் திருப்புனாத்தான் கழறும், சாதா மரை போட்டா மிதிக்க மிதிக்க அதுவா கழண்டு ரோட்டுல விழுந்துரும்லா. மறந்துட்டா ஸ்பேனர மேல பாக்க நிறுத்தி பின்சக்கரத்துப் பக்கமா இழுங்க, ரெண்டு பெடலுக்கும் அதே கணக்குதான்னாவ.

டீசலும் மெஷின் ஆயிலும் கலந்து வச்சிருக்காவ, அத கிராங்குக்கு உள்பக்கமிருந்தும் சொட்டு விட்டு, சின்ன சுத்தியலால டொக் டொக்னு தட்டிட்டு நாளைக்கு வாங்கன்னுட்டாவ. மறுநாள் போனா, கிராங்க பின்சக்கரத்துக்குப் போற பைப்போட சேத்துக் கயிறு போட்டுக் கட்டி, 15 நம்பர் ஸ்பேனர் ஒண்ணு, சாணைல தேச்சு மெலிசாக்குனது, தடி ஸ்பேனர் அந்த இடுக்குல நுழையாது பாத்துக்கோங்க, அதுல ஒரு முழத்துக்கு இரும்பு பைப்பச் சொருகி, வெடுக்குனு இழுக்காம உடம்பு பாரத்த மெல்ல ஏத்துனாவ. டக்னு ஒரு சத்தம். ஸ்பேனர் தான் ஒடைஞ்சிட்டுன்னு நெனச்சேன். வெளிய வந்த மரை பூரா செம்மண்ணு மாதிரி துரு. புதுசுல எல், ஆர்னு பொறிச்சிருந்ததப் பாத்து, மரைல கிரீஸ் தடவி, கையாலயே நாலு சுத்து ஏத்துன பொறவுதான் ஸ்பேனர எடுத்தாவ.

கூலி 80 ரூவா. குறையும் இருக்கு, 1 மணிக்குப் பூட்டுனா 4 மணிக்குத்தான் திறப்பாவ, போன எடுக்கவே மாட்டாவ, ஜிபே கிடையாது, கியர் சைக்கிள்னா தொடவே மாட்டாவ. வலது பெடலையும் மாத்திருங்க அண்ணாச்சின்னேன். "அது நல்லாத்தான இருக்கு, புதுச வீட்டுல போட்டு வைங்க"ன்னுட்டாவ. இப்ப என் சைக்கிள்ல ஒரு பக்கம் புத்தம்புது கருப்பு, ஒரு பக்கம் வெளுத்துப் போன பழசு.