'ஒரிஜினல் பிரதி' என்று பழைய கௌபாய் படம் விற்கிறார்கள், உஷார்

ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்ன் நடித்து 1933-இல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி', லோன் ஸ்டார் நிறுவனம் சொற்பச் செலவில் எடுத்து மோனோகிராம் வெளியிட்ட 16 படங்களில் முதலாவது. ஆன்லைனில் ஒருவர் இதன் டிவிடியை 'ஒரிஜினல் பிரதி, முழுமையாகச் சீரமைத்தது' என்று போட்டிருந்தார். நம்பிப் பணம் கட்டினேன். வந்ததோ வெட்டி ஒட்டிய சரக்கு.

ஊர்த் தண்ணீரை மடக்கி வைத்து விவசாயிகளை மிரட்டுகிறவனை, அரசாங்கம் ரகசியமாக அனுப்பிய ஆள் அடக்கும் கதை. ஒரு காட்சிக்காகவே எனக்கு இந்தப் படம் வேண்டும். சண்டைக்கு முன் வெய்ன் பாடிக்கொண்டே தெருவில் நடந்து வருவார். இன்று ரத்தம் ஓடும் என்கிற பாட்டு. இரவல் குரல்தான், அவருடைய குரல் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டைக் குரல் நிதானமாக நெருங்கி வருவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

என் டிவிடியில் அந்த நடை முழுக்க சிந்தசைசர் என்கிற எலெக்ட்ரானிக் இசைக்கருவி உறுமுகிறது! பேசும் படம் வந்த புதிதில் இந்த மாதிரிச் சின்னப் படங்களுக்குப் பின்னணி இசை போடக் காசு இருக்காது. டைட்டிலிலும் முடிவிலும் கொஞ்சம் வரும். நடுவில் குளம்படியும் பேச்சும்தான். 1980-களில் வீடியோ கேசட் போட்டவர்கள் அதன்மேல் புது இசையை ஏற்றினார்கள். காப்புரிமை காலாவதியான படம், யாரும் தடுக்க முடியாது. சரி, விற்கட்டும். அதை ஒரிஜினல் என்று விற்பது மோசடி.

போதாததற்குக் கலர் வேறு பூசியிருக்கிறார்கள். பேசும்போது தாடையின் நிறம் கழுத்துக்கு வழிகிறது. 53 நிமிடம் என்று அட்டையில் இருக்கிறது, 46-லேயே முடிந்துவிட்டது.

கேட்டதற்கு, "பழைய படம் அப்படித்தான் இருக்கும் சார், உறை பிரித்தால் ரிட்டர்ன் கிடையாது" என்று பதில். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது?

வாங்குவதற்கு முன் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்: கருப்பு வெள்ளையா, இசை பிறகு சேர்த்ததா, ஓடும் நேரம் எவ்வளவு. மழுப்பினால் விட்டுவிடுங்கள். இந்த வரிசைப் படங்கள் பல இன்டர்நெட் ஆர்கைவ் என்கிற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள். விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும் வரை அந்த விளம்பரத்தை எடுக்கவில்லை.