பெரிகார்டியத்துடன் வரும் இதய மாதிரி: ஒரு மதிப்புரை

உடற்கூறு வகுப்புகளுக்காக விற்கப்படும் இதய மாதிரிகளில் பெரும்பாலானவை, உறையை முன்பே உரித்தெறிந்துவிட்ட இதயத்தைத்தான் மாணவரின் கையில் கொடுக்கின்றன. நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் சிவப்பு, நீலக் குழாய்களும் இருக்கும். இதயம் எதற்குள் இருக்கிறது, எதனோடு கட்டுண்டிருக்கிறது என்ற கேள்விக்கு அவற்றில் இடமே இருக்காது. நான் பயன்படுத்திப் பார்த்த இந்த மாதிரி அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது. இயல்பான அளவைப்போல் இருமடங்கு பெரிதான, காந்தங்களால் இணைந்து பிரியக்கூடிய பிளாஸ்டிக் இதயத்தோடு, கழற்றி மாட்டத்தக்க சிலிகோன் பெரிகார்டியப் பையும் (பெரிகார்டியம் என்பது இதயத்தைச் சூழ்ந்திருக்கும் உறை) அதன் அடியில் உதரவிதானத்தின் ஒரு துண்டும் வருகின்றன. இந்தப் பைக்காகவே இதை வாங்கலாம் என்பது என் கருத்து.

பையின் வெளிப்புறம் தடிப்பாகவும் இழுபடாததாகவும் செய்யப்பட்டிருக்கிறது. உண்மையான நார்ப் பெரிகார்டியமும், அதாவது உறையின் நாரிழையாலான வெளிப்படலமும், அப்படித்தான். அது கீழே உதரவிதானத்தின் மையத் தசைநாணோடு ஒன்றிப்போயிருக்கும், முன்னால் மார்பெலும்பின் பின்புறத்தோடு இழைகளால் பிணைந்திருக்கும், மேலே பெருங்குழாய்களின் புறப்போர்வையோடு கலந்துவிடும். மாதிரியில் பையின் அடிப்பாகம் உதரவிதானத் துண்டோடு பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருப்பதைச் சிலர் வசதிக்குறைவாகக் கருதக்கூடும். எனக்கு அது இந்தத் தயாரிப்பின் மிகச் சரியான முடிவாகப்படுகிறது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானத்தோடு சேர்ந்து இதயமும் ஏன் கீழிறங்குகிறது என்பதை, அந்த ஒட்டைக் காட்டிய பிறகு தனியாக விளக்க வேண்டியதில்லை. பையின் இரு பக்கங்களிலும் உதரவிதான நரம்புகள் மஞ்சள் கோடுகளாக ஓடுவதும் நல்ல சேர்க்கை.

இதைவிட முக்கியமானது, பைக்குள் இருக்கும் சவ்வை அவர்கள் காட்டியிருக்கும் விதம். பாடநூல் படங்களில் நார்ப் படலம், சுவர்ப் படலம், உள்ளுறுப்புப் படலம் என்று மூன்று கோடுகள் அடுத்தடுத்து வரையப்பட்டிருப்பதால், தனித்தனியான மூன்று உறைகள் இருப்பதாகவே பலரும் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். உண்மையில் நார்ப் பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வே பெருங்குழாய்களின் அடியில் மடிந்து திரும்பி, இதயத்தின் மேற்பரப்பையும் போர்த்துகிறது. மாதிரியில் இந்த மடிப்பு விளிம்பு, பையை அகற்றிய பின்னும் குழாய்களைச் சுற்றித் தெளிவான வரம்பாகத் தெரிகிறது. பெருந்தமனியும் நுரையீரல் தமனித் தண்டும் ஒரே மடிப்புக்குள் சேர்ந்து நிற்பதையும், சிரைகள் அனைத்தும் வேறொரு மடிப்புக்குள் இருப்பதையும் அந்த வரம்பைப் பின்பற்றியே கண்டுகொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனித் தண்டுக்கும் பின்னும் மேற்பெருஞ்சிரைக்கு முன்னும், விரல் நுழையக்கூடிய வழி ஒன்று விடப்பட்டிருக்கிறது. அதுதான் குறுக்குச் சைனஸ் (சைனஸ் என்பது இங்கே உறையின் மடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி). இதய அறுவை மருத்துவர்கள் அந்த இரு தமனிகளையும் சுற்றிப் பிடிக்கப் பயன்படுத்தும் வழி. படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாத இந்த இடம், விரலை ஒருமுறை நுழைத்ததும் புரிந்துவிடுகிறது. இடது மேலறைக்குப் பின்னால் மறுபுறம் திறப்பின்றி முடியும் சாய்வுச் சைனஸுக்கு இந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. ஆழமில்லாத ஒரு பள்ளமாகவே அதை விட்டுவிட்டார்கள்.

பையைக் குறித்து எனக்குள்ள பெரிய வருத்தம் அதன் தளர்வு. மாட்டிய நிலையில் பைக்கும் இதயத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருக்கிறது. உடலில் அந்த இடத்தில் இருப்பது சுமார் 15 முதல் 50 மில்லிலிட்டர் வரையிலான திரவம் மட்டுமே. இரு பரப்புகளும் உராயாமல் வழுக்கிச் செல்ல அது போதும். தாராளமான வெற்றிடத்தைப் பார்த்துப் பழகியவருக்கு, விரைந்து சேரும் 150 அல்லது 200 மில்லிலிட்டர் இரத்தம்கூட இதயத்தை அழுத்தி, அறைகள் நிரம்பவிடாமல் உயிருக்கு ஆபத்தாவது ஏன் என்று விளங்காது. நார்ப் பை உடனடியாக விரிந்துகொடுப்பதில்லை. வாரக்கணக்கில் மெதுவாகச் சேரும் திரவத்துக்குத்தான் அது நீண்டு இடமளிக்கிறது, அப்போது ஒரு லிட்டருக்கு மேலும் தாங்கக்கூடும். ஆசிரியர் இதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

இதயத்தின் உட்புறம் நேர்த்தியாக அமைந்திருக்கிறது. இடது கீழறையின் சுவர் வலது கீழறையினதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு தடிப்பாக இருக்கிறது. வலதில் மூன்று, இடதில் இரண்டு என்ற பாப்பில்லரித் தசைத் தொகுதிகளின் (கீழறைச் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் தசைகள்) கணக்கும் சரி. அவற்றிலிருந்து வால்விதழ்களுக்குச் செல்லும் நாண்கள் உண்மையான நூல்களாகவே கட்டப்பட்டிருக்கின்றன. வலது மேலறையின் தசை வரிகளும், நடுச்சுவரில் நீள்வட்டக் குழியும், இதயச் சுவரின் சிரைகள் வந்து சேரும் கரோனரி சைனஸின் வாயும் உரிய இடங்களில் உள்ளன. பெருந்தமனி வால்வின் இதழ்களுக்குச் சற்று மேலே கரோனரி தமனிகள் புறப்படும் இரு துளைகளையும் மறக்கவில்லை. வால்விதழ்கள் மட்டும் கெட்டிப் பிளாஸ்டிக். நாண்களுக்கு இவ்வளவு சிரத்தை எடுத்தவர்கள் இதழ்களை மென்மையான பொருளில் செய்திருந்தால், கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் அந்த நாண்கள் தடுப்பதை அசைத்தே காட்டியிருக்கலாம்.

தாங்கியில் ஒரு பிழை இருக்கிறது. பையோடு உதரவிதானத் துண்டின்மேல் அமரும்போது இதயம் சரியான சாய்வில் இருக்கிறது: முகப்பின் பெரும்பகுதி வலது கீழறை, பின்புறம் இடது மேலறை, நுனி இடப்பக்கமாக முன்னும் கீழும் நோக்கி. பையைக் கழற்றித் தாங்கியின் தண்டில் பொருத்தியதும் நுனி நேராகக் கீழ்நோக்கி, வலது பாதியும் இடது பாதியும் பக்கவாட்டில் சமமாக நிற்கின்றன. மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கு இந்தப் பழக்கம் பின்னால் எக்ஸ்ரேயையும் எக்கோ எனும் மீயொலிப் படத்தையும் படிக்கும்போது இடைஞ்சல் தரும் என்பதால், தாங்கியை ஒதுக்கிவைத்து, பையின்றிப் பார்க்கும்போதும் இதயத்தை அந்தச் சரியான சாய்வில் பிடித்தே பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். பள்ளி வகுப்புக்கு உறையில்லாத எளிய மாதிரியே போதும்.