காணிக்கு அட்வான்ஸ் கட்டும் முன் இந்த ஐயாவிடம் போங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் இந்த நில அளவையாளரின் அலுவலகம். தன் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், லைசன்ஸ் உள்ளவர். காணி வாங்கும் முன் அது எந்தெந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்துச் சொல்வதைத் தனிச் சேவையாகச் செய்கிறார்.

நாங்கள் பதினைந்து வருடமாக ஃப்ளற்றில் இருக்கிறோம். அம்மாவுக்கு ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் நட மண் வேண்டும். அத்திடியப் பக்கம் ஒரு காணி விற்பனை நிறுவனம் துண்டு போட்டு விற்றதில் 10 பேர்ச்சஸ் ஒன்று பிடித்துப் போயிற்று. அம்மாவுக்குப் பரப்பில் சொன்னால்தான் விளங்கும். 10 பேர்ச்சஸ் என்றால் சரியாக ஒரு பரப்பு. “ஒரு பரப்போ? மாடு கட்டவும் காணாதே” என்றார், ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. நல்லகாலம், அட்வான்ஸ் கட்டும் முன் மாமா சொல்லி இங்கே போனேன்.

ஐயா பிளானை விரிக்கவே இல்லை. முதலில் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை வாங்கி, காணியின் பெயரில் விரலை வைத்தார். விளம்பரத்தில் ‘மேட்டுக் காணி’ என்று இருந்தது. உறுதியில் இருந்த பெயரோ ‘கும்புர’ என்று முடிந்தது.

“பிள்ளை, வத்த எண்டு முடிஞ்சா தோட்டக் காணி. கும்புர எண்டா வயல். ஓவிட்ட எண்டா வயலோரத்து நிலம். தெனிய எண்டா பள்ளம். அந்தக் காலத்திலை பெயர் வச்ச சனம் பொய் சொல்லேல்லை” என்றார்.

இவ்வளவு காலம் கொழும்பில் சிங்களம் பேசிவருகிறேன், இந்தப் பெயர்களை இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அப்புறம் துண்டாடுவதற்கு முந்திய பழைய பிளானைத் தேடி எடுத்தார். புதிய பிளானில் தெற்கு எல்லை வெறும் துண்டு இலக்கம். பழையதில் அதே இடத்தில் வாய்க்கால் ஒதுக்கம், அதாவது வாய்க்காலுக்கென்று விட்ட நிலம், என்று இருந்தது.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை காணிக்குப் போனோம். மேலே சிவப்புக் கிரவல் மண், பார்க்க நல்ல இறுக்கம். ஐயா ஓர் இரும்புக் கம்பியை ஊன்றித் தட்டினார். இரண்டரை அடி வரை தடுத்தது, பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கியது. இழுத்தபோது நுனியில் கறுப்புச் சேறு, அழுகிய இலையின் மணம். வேலிக்கு அப்பால் சம்புப் புல்லும், சிங்களத்தில் வெல் ஆத்தா என்கிற சதுப்பு நிலத்து மரமும் நின்றன. தெற்கே புதிதாக வெள்ளையடித்த இரண்டு எல்லைக்கற்களும் ஒதுக்கத்துக்குள்ளேயே நட்டிருந்தன. அளந்து பார்த்தால் 2.6 பேர்ச்சஸ் வாய்க்காலுக்குரியது. வீட்டுத் துண்டுக்குப் பொதுவாக 6 பேர்ச்சஸ் போதும், மிச்சத்தில் கட்டலாம்தான். ஆனால் ஒரு சுவரும் எழுப்ப முடியாத மண்ணுக்கும் அதே விலை கேட்டிருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் வலய வரைபடத்தைக் கார் பொனற்றில் விரித்து, வீடு கட்ட விட்ட பகுதியும் சதுப்பு நிலமும் முட்டும் கோட்டைக் காட்டினார். அந்தச் சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமானது. மழைத் தண்ணீர் அதில் தங்கி, வேரஸ் கங்கை வழியாகப் பொல்கொட வாவிக்குப் போகிறது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற உலக உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமானதும் இப்படி மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களால்தான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டியில் என் தோழியின் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. அது வேறு ஆற்றுப் பக்கம், ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்தபோது அவள் வீட்டுச் சுவரில் இருந்த சேற்றுக் கோடுதான் ஞாபகம் வந்தது. தண்ணீருக்கு விட்ட இடத்தில் என் வீட்டை வைத்தால், அது இன்னொருவர் வீட்டுக்குள்தானே போகும்?

வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும், அந்தக் கடிதத்தைக் கேளுங்கள் என்றார். விற்பனை நிறுவனத்திடம் கேட்டேன். “எல்லாம் கிளியர், மேடம்” என்றார்கள், கடிதம் மட்டும் வரவேயில்லை. விலையும் குறைக்கவில்லை. விட்டுவிட்டோம்.

குறைகளும் உண்டு. ஒரு வாரம் என்ற அறிக்கை பதினொரு நாளில் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். வாய்ப்பேச்சில் இவ்வளவு அழகாகத் தமிழில் விளக்குகிறவர், அம்மா போன்றவர்களுக்காக ஒரு பக்கமாவது தமிழில் தரலாம். போனில் பிடிப்பது கஷ்டம், நேரே போவதே நல்லது. வீதியை அகலப்படுத்தினால் காணி அடிபடுமா என்று காட்டும் வீதி எல்லைச் சான்றிதழ் எடுக்க அவர் வரமாட்டார், அந்த அலைச்சல் நம்முடையது. நான் உள்ளூராட்சி சபைக்கு மூன்று தரம் போனேன். கட்டணம் எங்களுக்கு 28,000 ரூபா, வாகனச் செலவு தனி.

இப்போது களுபோவிலையில் 7 பேர்ச்சஸ் ஒன்று பார்த்திருக்கிறோம், பெயர் ‘வத்த’ என்று முடிகிறது. வருகிற சனிக்கிழமை ஐயா கம்பியோடு வருகிறார். நீங்கள் போவதானால் உறுதியின் பிரதி, இப்போதைய பிளான், கிடைத்தால் துண்டாடுவதற்கு முந்திய பிளான் மூன்றையும் கொண்டுபோங்கள். காலை பத்து மணிக்கு முன் போனால் ஆளைப் பிடிக்கலாம்.