நாற்பத்தைந்தில் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு: டிரெய்லரா, டேங்கரா, குட்டி யானையா?

ஆலை வேலை போய், நாற்பதைத் தாண்டிய வயதில் லாரி ஓட்டப் போகலாமா என்று வடசென்னையில் யார் கேட்டாலும், தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்வேன். எந்த வண்டியில் ஏறுவது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம் உண்டு.

லைசென்ஸ் பெரிய தடையல்ல. சட்டத்தில் வயது உச்சவரம்பு கிடையாது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனையும் 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. கனரக லைசென்ஸுக்கு, கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

நம் பகுதியில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வேலை கன்டெய்னர் டிரெய்லர்தான். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் இருக்கின்றன. மாதவரம், மணலி பக்கமெல்லாம் கன்டெய்னர் யார்டுகள். ஆனால் நாற்பது அடிப் பெட்டியை ரிவர்ஸ் எடுப்பது தனி வித்தை. பெட்டியின் பின்பக்கம் வலப்புறம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை முதலில் இடப்புறம் ஒடிக்க வேண்டும். வண்டி மடியத் தொடங்கியதும் வலப்புறம் திருப்பி அதன் பின்னாலேயே போக வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் முன்வண்டியும் பெட்டியும் கத்தரிக்கோல்போல மடங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் கார் ஓட்டியவருக்குப் பழகிய கையே இங்கே குறுக்கே நிற்கும்.

அதையாவது கற்றுக்கொள்ளலாம். வரிசைதான் ஆளைக் கொல்கிறது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வழியாக உள்ளே போக எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் கட்டி நிற்கும் இரவுகளில், ஐந்து வண்டி நீளம் நகர்வதும் நிற்பதுமாகப் பொழுது விடியும். கண் அசந்தால் பின்னாலிருந்து ஹாரன் அலறும். சம்பளம் பெரும்பாலும் ட்ரிப் கணக்கு என்பதால், காத்திருந்த நேரத்துக்குக் காசு வருவது அரிது. அறுந்து அறுந்து வரும் இந்தத் தூக்கத்தை இருபத்தைந்து வயதுக்காரர் மறுநாள் ஈடுகட்டிவிடுவார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரால் முடியாது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் புதிதாக வரும் டிரைவரிடம் புது வண்டியைக் கொடுக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்?

ஆந்திரா, கொல்கத்தா என்று லைன் லாரியில் போவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வீடும் வேளைச் சாப்பாடும் வேண்டுமென்றால் அது சரிப்படாது.

பெட்ரோல் டேங்கர் வேறு வகை. அபாயகரமான பொருள் ஏற்ற மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும். தமிழோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது விதி. டேங்கர் மேலே 1203 என்ற எண் எழுதியிருந்தால் உள்ளே பெட்ரோல். பங்க்கில் எர்த் கம்பியை மாட்டாமல் ஹோஸைத் தொடக் கூடாது. மூடியைத் திறந்து அளவுகோல் விட்டுப் பார்க்காமல் இறக்கக் கூடாது. அவசரப்படாமல் வரிசை பிசகாமல் செய்ய வேண்டிய இந்த வேலைக்கு, ஆலையில் ஷிப்ட் பார்த்து வளர்ந்த நிதானம் பெரிய சொத்து. எனக்கு டேங்கர் மீது மரியாதை வரக் காரணமே அதுதான். ஒரே சங்கடம், கனரக வண்டி ஓட்டிய அனுபவம் இல்லாதவரிடம் டேங்கர் சாவி எளிதில் வராது.

அதனால் முதல் ஓராண்டுக்குக் குட்டி யானை போன்ற சின்ன லோடு வண்டியைத்தான் சொல்வேன். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வால்டாக்ஸ் சாலைப் பார்சல் ஆபீஸ்களில் லோடு ஏற்றி இறக்கிவிட்டு இரவு வீடு திரும்பிவிடலாம். மூட்டை தூக்கவும் நம்மையே அழைப்பார்கள். இடுப்பு வலி உள்ளவர்கள் அதை முன்பே பேசிவிடுவது நல்லது. சேமிப்பைப் போட்டுக் கடனில் சொந்த வண்டி எடுப்பதை மட்டும் தள்ளி வையுங்கள். தவணை கழுத்தை நெரிக்கும்போது உடம்பைப் பார்க்கத் தோன்றாது.

பிறகு கனரக லைசென்ஸ் எடுத்து, தண்ணீர் லாரியிலோ பத்துச் சக்கர லாரியிலோ உள்ளூரிலேயே கை பழகி, டேங்கருக்குப் போவதுதான் என் கணக்கில் சரியான வழி. எந்த வண்டியானாலும் சேரும் முன் முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வண்டி நின்றால் படி உண்டா? சட்டம் சொல்லும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் என்ன தருவீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த ஷெட்டுக்கு நடையைக் கட்டுங்கள். மாதவரத்தில் ஷெட்டுகளுக்குப் பஞ்சமில்லை.