முறிந்துபோன கிரயத்துக்குப் பிறகு தரகரை மாற்றினோம்: சிட்லபாக்கம் வீடு விற்ற அனுபவம்

சென்னை தாம்பரத்துக்கு அருகில் உள்ள சிட்லபாக்கத்தில் அப்பா 1994இல் கட்டிய வீட்டை விற்பதற்கு நாங்கள் இரண்டு தரகர்களை நாட வேண்டியிருந்தது. முதலாமவர் கொண்டுவந்த கிரயம் ஒப்பந்தம் வரை போய் முறிந்தது. இரண்டாமவர் மூலம் வீடு விற்றது. இரண்டாமவரின் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன் என்றாலும், முதல் முறை நடந்ததைச் சொல்லாவிட்டால் அவர் செய்த வேலையின் அருமை விளங்காது. இருவருடைய பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

முதல் தரகர் வீட்டைப் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தார், 1 கோடியே 40 லட்சம் போகும் என்றார், மறுநாள் காலைக்குள் இணையத்தில் விளம்பரமும் போட்டுவிட்டார். அந்த வேகம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்றாவது வாரமே ஒரு குடும்பம் 5 லட்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவுடன் கிரய ஒப்பந்தத்தைப் பதிவும் செய்தது. அதற்குப் பிறகுதான் அவர்களுடைய வங்கியின் வழக்கறிஞர் எங்கள் பத்திரங்களைப் படித்தார். அப்பா 1991இல் அந்த 1800 சதுர அடி மனையை, உரிமையாளருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் பெற்ற பவர் ஏஜெண்டு ஒருவர் மூலம் வாங்கியிருந்தார். அந்த அதிகாரத்தைத் தரும் பவர் பத்திரத்தின் நகல் எங்கள் கோப்பில் இல்லை. பட்டா, அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியும், அவர் பெயரிலேயே இருந்தது. இவற்றைவிடப் பெரிய சிக்கல், பிற்பாடு மாடியில் எழுப்பிய இரண்டு அறைகளுக்கு நாங்கள் வரைபட அனுமதி வாங்காததுதான். வங்கியின் மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கிலேயே சேர்க்காததால், வாங்குபவர் எதிர்பார்த்த கடனில் 18 லட்சம் குறைந்தது.

அந்தக் குடும்பம் நகையை வைத்தும் உறவினரிடம் கேட்டும் பார்த்தது. கெடு முடிந்தபோது முன்பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்தோம், ஏனென்றால் குறை எங்கள் காகிதங்களில் இருந்ததே தவிர அவர்களிடம் இல்லை. தரகரோ, ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, ஆகவே பாதித் தரகாவது வேண்டும் என்றார். பத்திரங்களை ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்காதவர் அப்படிக் கேட்டது அம்மாவை மிகவும் வருத்தியது. அலைச்சலுக்கென்று 20,000 ரூபாய் கொடுத்து, இனி அவருக்கும் எங்களுக்கும் பாக்கி ஏதும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு விலகினோம்.

இரண்டாமவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. தாம்பரம் சானடோரியம் அருகே ஒரு சிறிய அறையில், ஓர் உதவியாளரை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் செய்கிறார். நான் வீட்டைப் பற்றி விவரிக்கத் தொடங்கியதும், "வீட்டை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி, முதல்ல ஃபைலைக் கொண்டாங்க" என்றார். மறுநாள் நான் கொண்டுபோன காகிதங்களைத் தேதி வரிசையில் மேசை முழுக்கப் பரப்பினார். 1991ஆம் ஆண்டுப் பத்திரத்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், பழைய வரி ரசீதுகளில் காஞ்சிபுரம் மாவட்டம், இப்போதைய சான்றுகளில் செங்கல்பட்டு மாவட்டம், அதுவும் பேரூராட்சியாக இருந்த ஊர் 2021க்குப் பிறகு தாம்பரம் மாநகராட்சி என்று ஒரே மனை பல முகவரிகளில் கிடந்தது. சர்வே எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

பிறகு பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து எடுத்த, சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு பதிவைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். முறிந்துபோன எங்கள் கிரய ஒப்பந்தம் அங்கே உயிரோடு இருந்தது! பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் எல்லாம் முடிந்தது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பதிவான ஒப்பந்தத்தை ரத்து ஆவணம் எழுதிப் பதிவு செய்தாலொழிய, அடுத்து வாங்க வருபவரின் வழக்கறிஞர் அந்தப் பதிவைப் பார்த்ததுமே எதிர்க்கேள்வி எழுப்புவார் என்பதை முதல் தரகர் எங்களிடம் சொல்லவேயில்லை. பழைய குடும்பத்துடன் நாங்கள் மனக்கசப்பில்லாமல் பிரிந்திருந்ததால், அவர்கள் ஒரு காலைப்பொழுதை எங்களுக்காக ஒதுக்கிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டார்கள். மனக்கசப்போடு பிரிந்திருந்தால் அந்த ஒரு கையெழுத்துக்காக எவ்வளவு காலம் அலைந்திருப்போமோ தெரியாது.

அடுத்த ஏழு வாரங்களும் அவர் ஒருவருக்குக்கூட வீட்டைக் காட்டவில்லை. அம்மா, அக்கா, நான் என்று மூவர் பெயரிலும் கூட்டாகப் பட்டா மாற்றுவதற்கு விண்ணப்பிக்க வைத்தார். சொத்து வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்றச் சொன்னார். பவர் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் எடுக்க வைத்தார். பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கு இந்தத் தாமதம் பொறுக்கவில்லை, தொலைபேசியில் கோபித்துக்கொண்டாள். அவளுடைய கோபம் எனக்குப் புரிந்தது, என்றாலும் ஒருமுறை சூடுபட்ட பிறகு இந்தத் தாமதமே எனக்கு நிம்மதியாக இருந்தது. விலையிலும் அவர் ஒளிவுமறைவு வைக்கவில்லை. அனுமதியில்லாத மாடிக்கு வங்கி பணம் தராது, ஆகவே மனையையும் தரைத்தளத்தையும் வைத்தே விலை பேச வேண்டும் என்று சொல்லி, 1 கோடியே 28 லட்சம் என்று நிர்ணயித்தார். மாடியைப் பற்றிய உண்மையை வீடு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் முதல் சந்திப்பிலேயே சொன்னார். அதைக் கேட்டுச் சிலர் வாசலோடு திரும்பியும் போனார்கள்.

அவரிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. வீடு பார்க்க வருபவரின் பெயர், தேதி, யார் மூலம் வந்தார் என்பதை எழுதி, வந்தவரிடமே கையெழுத்தும் வாங்கிவிடுகிறார். முதலில் எனக்கு அது கெடுபிடியாகப் பட்டது. முதல் தரகர் ஏற்கெனவே அழைத்து வந்தவர்களின் பட்டியலை அவரிடமிருந்து எழுத்தில் வாங்கி வரச் சொன்னபோதுதான் காரணம் விளங்கியது: தரகரை மாற்றியவர்களிடம் ஒரே ஆளைக் காட்டி இருவரும் தரகு கேட்பது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. தரகரை மாற்றுகிறவர்கள் அந்தப் பட்டியலையும், பழையவரிடம் இருக்கும் வீட்டுச் சாவியையும் பத்திர நகல்களையும் கேட்டு வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. விளம்பரத்தில் அவருக்கு அக்கறை குறைவு. அவர் போட்ட இரண்டு புகைப்படங்களும் மாலை மங்கலில் எடுத்தவை. கிணற்றடியும் மாமரமும் அவற்றில் தெரியவே இல்லை. நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் எடுத்து அனுப்பினேன். இரவு ஏழு மணிக்கு மேல் தொலைபேசியை எடுக்க மாட்டார். தரகு ஒன்றரை சதவீதம் கேட்டார். முதலாமவர் பேசியது ஒரு சதவீதம்தான். நாங்கள் எவ்வளவோ பேசியும் இவர் குறைக்கவில்லை. வேலையைப் பார்த்த பிறகு அந்தத் தொகை எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

நான்காவது மாதம் குரோம்பேட்டையிலிருந்து வந்த ஓர் ஆசிரியத் தம்பதி வீடு பிடித்துப்போய், 1 கோடியே 25 லட்சத்துக்கு முடித்தார்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்பே தரகர் அவர்களுடைய வங்கி வழக்கறிஞரிடம் எங்கள் நகல்களைக் கொடுத்துக் கருத்து வாங்க வைத்தார். இந்த ஒரு காரியத்தை முதல் முறையே செய்திருந்தால் எங்களுக்கும் அந்தப் பழைய குடும்பத்துக்கும் எவ்வளவோ வேதனை மிச்சமாகியிருக்கும். விலை 50 லட்சத்துக்கு மேல் இருப்பதால் வாங்குபவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும், விற்பவர் மூவர் என்பதால் மூவருடைய பான் எண்ணுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்பதையும் அவரே இரு தரப்பையும் உட்காரவைத்து விளக்கினார். பத்திரச் செலவாக முத்திரைத் தீர்வை ஏழு சதவீதமும் பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை வாங்குபவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பதிவன்று அம்மாவின் பெருவிரல் ரேகை தேய்ந்துபோய்க் கருவியில் விழவில்லை. தரகர் அம்மாள் தன் கைப்பையிலிருந்து ஈரத் துணியை எடுத்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, "அவசரமில்லைம்மா, மெதுவா வைங்க" என்று பக்கத்திலேயே நின்றார். மூன்றாவது முறை ரேகை பதிந்தது. தரகுப் பணத்தை அதற்கப்புறம்தான் வாங்கிக்கொண்டார், ரசீதும் கொடுத்தார்.

முதல் தரகரின் விளம்பரம் மட்டும் இன்னும் இணையத்தில் 1 கோடியே 40 லட்சம் என்ற பழைய விலையுடன் கிடக்கிறது. எடுக்கச் சொல்லி அவருக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன், இந்த வாரம் அந்த இணையதளத்துக்கே புகார் அனுப்பியிருக்கிறேன்.